இரண்டரை இஞ்ச்

செம்மண்டலம் தாண்டி, எடைமேடைக்குப் பின்னால்
தஸ்தகீரின் பட்டறை.
தார்ப்பாயில் மூன்று குழாய்களைக் கிடத்தியிருக்கிறான்
ஏலத்துக்கு மீனைக் கிடத்துவதுபோல,
தலை ஒருபக்கம், வால் ஒருபக்கம்.

"மூணு இஞ்ச். நேர்க்குழாய். உள்ளே ஒண்ணுமே இல்ல மேடம்.
பெண்ணையாத்துப் பாலத்துல நீங்க மிதிச்சா
தாழங்குடாவுல படகு திரும்பிப் பாக்கும்."

அடுத்தது இரண்டரை. நடுவில் ரெசனேட்டர்,
கழுத்தில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்,
தேனடையைக் குறுக்கே வெட்டியதுபோல் அதன் முகம்.
மூன்றாவது என் காரிலிருந்தே கழற்றியது.
ஐந்து வருட உப்புக்காற்று
வயிற்றில் குண்டூசித் துளைகள் போட்டிருக்கிறது.
விரலால் அழுத்தினால் அப்பளம்.

ஒரு லிட்டர் எஞ்சின்தான் என்னுடையது.
மூன்றே சிலிண்டர்.
ஆனால் வெளியே போகிற மூச்சைச் சும்மா அனுப்பாது.
அது ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் போகும்,
அந்தச் சுற்று புதுக்காற்றைப் பிடித்து உள்ளே திணிக்கும்.
இது புரிந்த வாரத்தில்தான்
பேங்கில் லோன் பாரம் வாங்கினேன்.

"டர்போவே பாதி சைலன்சர்" என்கிறான் தஸ்தகீர்.
"அதுக்குப் பின்னாடி அடைக்க அடைக்க
வண்டிக்குச் சோம்பல்."
சரிதான். பேக் பிரஷர் வேண்டும் என்பவர்கள்
பழைய புல்லட்டை நினைத்துச் சொல்கிறார்கள்.
இருந்தாலும் மூணு இஞ்ச், என் ஒரு லிட்டருக்கு
அண்ணன் சட்டை.

கோட்டுப் பையைத் துழாவுகிறேன்.
லேபில் பீக்கருக்குள் சுழலும் காந்தக் குச்சி,
வெள்ளைப் பூச்சு, ஒரு மாத்திரை நீளம்,
தெரியாமல் என்னோடு வந்துவிட்டது.
நேர்க்குழாயில் வைத்தேன். பட்டென்று ஒட்டியது.
"இது முன்னூத்தி நாலு கிரேடு இல்லையே தஸ்தகீர்?"
காதைச் சொறிந்தான்.
இரண்டரையில் வைத்தேன். வழுக்கி விழுந்தது.
மறுபடி, வளைவில்.
அங்கே மட்டும் விழலாமா என்று யோசித்தபடி
நின்றது.
வளைத்த இடத்தில் எஃகின் குணம் கொஞ்சம் மாறும்.
படித்திருக்கிறேன். பார்த்தது இன்றுதான்.

விலை சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி,
"கன்வர்ட்டரைத் தூக்கிட்டா பன்னெண்டாயிரம் மிச்சம்.
புகை டெஸ்ட்டுக்குப் போற அன்னிக்கு
பழசை மாட்டித் தரேன். அரைமணி வேலை.
எல்லாரும் அப்படித்தான்."

தொழிற்பேட்டையில் என் வேலை
நாற்பது மீட்டர் ஏணி ஏறி
புகைபோக்கியின் பக்கத்துளையில்
கம்பியை நுழைத்து எண்களை எழுதுவது.
நான் வரும் தேதி கேட் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.
அன்று மட்டும் ஆலை
இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பின் பையன்போல
கைகட்டி மூச்சுவிடும்.
எண்கள் நல்ல எண்களாக இருக்கும்.
கையெழுத்துப் போடுவேன்.
இறங்கும்போது முழங்கால் நடுங்கும்,
உயரத்தால்தான்.

பழசை மாட்டித் தரேன்.

"கன்வர்ட்டர் இருக்கட்டும்" என்றேன்,
டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற குரலில்.
அவன் தோளைக் குலுக்கி
வெல்டிங் கண்ணாடியை இறக்கினான்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.
காலண்டரில் நீலம் விட்டுவிட்டு விழுந்தது.

இரவு பத்தரை. பாலம்.
கண்ணாடிகள் நாலும் கீழே.
இரண்டாயிரத்து இருநூறு ஆர்பிஎம்மில் ஒரு ரீங்காரம்,
சீட்டுக்கடியில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல.
இதை அவன் சொல்லவில்லை.
மூன்றாவது கியரில் மிதித்தேன்.
கர்ஜனை ஒன்றுமில்லை, படகு எதுவும் திரும்பவில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு
யாரோ பேச வருவதுபோல ஒரு சத்தம்.
அதற்கு மேலே, மெல்லிசாக, டர்போவின் விசில்.

அப்போது தெற்கிலிருந்து அந்த வாடை வந்தது,
அழுகிய முட்டைக்கோஸும் நெயில் பாலிஷும் கலந்தது.
என் கார்தானோ என்று
ஒரு கணம் வேகத்தைக் குறைத்தேன்.
இல்லை.

காந்தக் குச்சி பைக்குள்
சாவிக்கொத்தோடு ஒட்டிக்கிடந்தது.
திங்கட்கிழமை திருப்பி வைக்க வேண்டும்.
ஏணியும் அன்றுதான்.